மாத்திரைக் கவரில் சூரியன் வரையாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயதானவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எங்களுடையது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன வாரம் படம் போட்ட கவர்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாம் ஐந்து வருடம் முன்பு நான் போட்ட அதே படங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், பளபளப்புத் தாள் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விடுங்கள்.

இரண்டு சூரியன்

காலைக் கவரில் மலைக்குப் பின்னால் பாதிச் சூரியன் வரைந்தேன். சாயங்காலக் கவரிலும் அதேதான், கொஞ்சம் சிவப்பாக. என் கணக்கில் அது உதயம், இது அஸ்தமனம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பாட்டி ஒருவர், எழுபது தாண்டியவர், கவரைப் பார்த்துவிட்டு, "ஓட்டுக் கேட்டு வந்தியா கண்ணு?" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அப்போதே விழித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். பாட்டிக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. இரண்டு கவரிலும் ஒரே படம், அதனால் இரண்டு மாத்திரையையும் காலையிலேயே போட்டுவிட்டார். அது கிளிமெபிரைடு, ரத்தத்தில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை. அன்றைக்கு வெறும் டீயோடு சரி, பலகாரம் எதுவும் சாப்பிடவில்லை. நினைவு இருந்ததால் அந்தப் பெண் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்தாள். ஆனால் இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏறின பிறகும் மறுபடி இறங்கும். அதனால் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது அதற்கு அப்புறம் நடந்தது. நோட்டில் நான் எழுதினது: 'நோயாளி சொன்னபடி சாப்பிடவில்லை.' அவரோ நான் வரைந்தபடியே அச்சு அசலாகச் சாப்பிட்டிருந்தார்! போதாததற்கு, ஆடி மாதத்தில் இங்கே மூடுபனியில் சூரியன் எங்கே தெரிகிறது?

பிறகு அவரிடமே கேட்டேன், பொழுதை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள் என்று. "பெரட்டுக்குப் போற நேரம், விளக்கு வைக்கிற நேரம், வேறென்ன?" பெரட்டு என்றால் எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது. வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் அவருக்குக் காலை என்றால் பெரட்டுதான். இப்போது அவர் கவர் ஒன்றில் கொழுந்துக் கூடை, இன்னொன்றில் விளக்கு. இரண்டிலும் ஓரமாக ஒரு சோற்றுத் தட்டு.

"புரிஞ்சுதா பாட்டி?"

கேட்காதீர்கள். தலையாட்டுவார்கள். "மக வந்து கேட்டா எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

நீலக் கவர், பச்சைக் கவர்

வயதானால் கண் லென்ஸ் மஞ்சளாகும். லைன் வீட்டு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பெருக்கல் குறி

ஊறுகாய் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல, ஊறுகாய் பாட்டில் படத்தின் மேல் போட்டேன். பாட்டிலைக் கயிற்றால் கட்டி வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார் ஒரு தாத்தா. கட்டியும் வைத்திருந்தார்.