பழைய காலண்டரோடு ஒரு மாலை

தனியாக ஓவிய வேலை எடுத்துச் செய்பவள் நான். டிசம்பர் கடைசியில் பழைய மாதக் காலண்டரை விரித்து, முடித்த வேலைகளை அந்தந்தத் தேதியில் எழுதுவேன். பக்கத்திலேயே இரண்டு விவரம்: பணம் எப்போது வந்தது, யோசனை எங்கே கிடைத்தது.

பணத் தேதியை விட்டுவிடாதீர்கள். தனியாக வேலை செய்யும் நம்மைப் போன்றவர்கள், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். இந்த ஆண்டு ஒருவர் நான்கு மாதம் இழுத்தடித்தார். அப்புறம்தான் பில்லிலேயே உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் எழுத ஆரம்பித்தேன். வேலை தொடங்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.

யோசனைக் கணக்கு எனக்கே ஆச்சரியம். மனதுக்குப் பிடித்த மூன்று ஓவியங்களில் ஒன்றுகூட மேசையில் பிறக்கவில்லை. ஒன்று, மார்கழிக் காலையில் அம்மா வாசலில் புள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. மற்ற இரண்டும் மகளோடு பேருந்தில் போகும்போது.

சரி, புதுக் காலண்டர் வந்ததும் முதலில் பொங்கல் நாட்கள், அம்மாவின் கண் பரிசோதனை, மகளின் ஆண்டு விழா மூன்றையும் பேனாவால் குறியுங்கள். வேலைகளைப் பென்சிலால். போன ஆண்டு விழாவுக்கு நான் போகவில்லை. மகள் அந்த நடனத்தை இன்னமும் கூடத்தில் எனக்காக ஆடிக் காட்டுகிறாள்.