எண்ணெய்ச் சட்டிக்கு எலிமென்ட் பூட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஹட்டனில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்க் கேனைத் திறந்தால் வெள்ளைக் கட்டிதான் இருக்கும். 24 பாகைக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கிவிடும். வீட்டில் முறுக்கும் வடையும் சுட்டுக் கடைக்குக் கொடுப்பவர்கள் காஸ் அடுப்பை விட்டு மின் எலிமென்ட்டுக்கு (மின்சாரத்தில் சூடேறும் உலோகக் குழாய்) மாறும்போது, அவசரத்தில் அந்தக் கட்டிக்குள்ளேயே எலிமென்ட்டை வைத்து சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். குழாயை ஒட்டிய எண்ணெய் மட்டும் உருகி இறங்கும், சுற்றிலும் வெற்றிடம் விழும். எண்ணெய் தொடாத குழாய் சிவக்கச் சூடேறினால் தீப்பிடிக்கவும் கூடும். கேனை முதலில் சுடுதண்ணீரில் வைத்து உருக்குங்கள். குழாய்க்கு மேலே இரண்டு விரல் உயரம் எண்ணெய் நின்ற பிறகுதான் சுவிட்ச்.

பெரிய தவறு இதற்கு முன்பே, கடையிலேயே நடந்துவிடுகிறது. நான் முதலில் வாங்கியது தண்ணீர் சூடாக்கும் எலிமென்ட். “எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் குழாயின் மேல் நகத் தடிப்புக்குக் கறுப்பு ஏறியது. கத்தியால் சுரண்டினால் தார் மாதிரி உரிந்து வந்தது. வெப்பமானி 150 காட்டும்போதே எண்ணெய் புகைந்தது. காரணம் இதுதான்: தண்ணீர் வெப்பத்தைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும், எண்ணெய் மெதுவாகத்தான் வாங்கும். வாங்காத வெப்பம் குழாயிலேயே தங்கி, தொடும் எண்ணெயைக் கருக்கிவிடும். கருகிய படலம் வெப்பத்தை இன்னும் அடைத்துக்கொள்ளும். அதனால் வாட் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், அந்த வாட் எவ்வளவு நீளக் குழாயில் பரவுகிறது என்று பாருங்கள். 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயில் ஒரு மீற்றருக்கு 1000 வாட் என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 4 வாட் வரும்; பொரிக்கும் எண்ணெய்க்கு அந்த அளவு சரி. அதே 1000 வாட்டை அரை மீற்றரில் அடைத்திருந்தால் அது தண்ணீருக்குரியது. குழாய் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு அடிக்கும்.

ஐந்து லீற்றர் எண்ணெயை 20 பாகையிலிருந்து 180க்கு ஏற்ற, 2000 வாட்டில் கணக்குப்படி 12 நிமிடம். வெளியே போகும் வெப்பத்தையும் சேர்த்தால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடலாம். 2000 வாட்டுக்கு மேல் வேண்டாம். 230 வோல்ட்டில் 3000 வாட் என்றால் 13 அம்பியர் பிளக் தாங்கும் எல்லையையே தொட்டுவிடும், மணிக்கணக்கில் ஓடினால் பிளக் பழுப்பேறும். பழைய லயன் வீடுகளில் லைட்டுக்குப் போட்ட மெல்லிய 1/1.13 வயரில் (1.13 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே கம்பி) இதைக் கொழுவவே கூடாது. பிரேக்கரில் இருந்து தனியாக 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு கம்பி) இழுக்கச் சொல்லுங்கள். எலிமென்ட் முனையில் சாதாரண பிளாஸ்டிக் உறை வயர் இளகிவிடும். அங்கே சிலிக்கன் உறை வயர் போட்டு நட்டை நன்றாக இறுக்க வேண்டும்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும்; தண்ணீர் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் இதற்கு உதவாது, 200 பாகை வரை போகும் ஒன்று தேவை. அதோடு, சுமார் 230 பாகையில் லைவ் வயரைத் துண்டித்து, கையால் அழுத்தினால்தான் மறுபடி வேலை செய்யும் கட்-அவுட் ஒன்றும் வேண்டும். தெர்மோஸ்டாட்டின் தொடுமுனை ஒட்டிப்போனால் எண்ணெய் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான். காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

அப்புறம் நம் மூடுபனி. எலிமென்ட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்ததைப் பூட்டினால் ட்ரிப் சுவிட்ச் விழும். உடனே எர்த் வயரைக் கழற்றிவிடுவது, இல்லாவிட்டால் ட்ரிப்பைத் தாண்டி நேரடியாகக் கொடுப்பது. ஐயோ, இதை மட்டும் செய்யாதீர்கள். ஈரத்தரையில் நின்று தகரச் சட்டியைத் தொடுபவர் பெரும்பாலும் வீட்டு அம்மாதான். எலிமென்ட்டைக் கழற்றி, 120 பாகை ஓவனில் சில மணி நேரம் காயவைத்து, வயரிங் செய்பவரிடம் மெகரில் (மின்கசிவு பார்க்கும் கருவி) சோதிக்கக் கொடுங்கள். பிறகும் ட்ரிப் விழுந்தால் அதை வீசிவிட்டுப் புதிது வாங்குங்கள்.

சுவிட்சைச் சட்டிக்குப் பின்னால் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் அதற்கு மேலாகக் கை நீட்ட முடியாது. தண்ணீரும் ஊற்றக் கூடாது. கரண்டை நிறுத்திவிட்டுச் சட்டியை மூட வேண்டும். அதற்கான மூடி கைக்கெட்டும் ஆணியில் தொங்கட்டும்.