ஒட்டுக்கத்தி தீட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மா ஒட்டுக் கட்டும் பருவம் நெருங்கும்போது சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கத்து நாற்றங்கால்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் ஒட்டுக்கத்தியும் கல்லுமாக என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. சமையலறைக் கத்தியை, தாளில் வைத்து இழுத்தாலே வெட்டும் அளவுக்குத் தீட்ட ஆசைப்பட்டு ஓசூரிலிருந்து வருகிறவர்களும் இப்போது உண்டு. இரு சாராரும் செய்யும் பிழைகள் ஏறத்தாழ ஒன்றே. பழகிய காலத்தில் எனக்கும் அவை கைவந்தவை என்பதால், கத்தியைப் பார்த்தவுடனே என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிட முடிகிறது. விரலை வெட்டிக்கொள்வது, காய்ந்த கல்லில் தேய்ப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றைக் கத்தியே கற்றுக்கொடுத்துவிடும்.

முதல் கல்லில் வேலை முடியும் முன்பே அடுத்த கல்லுக்குப் போவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கத்தியின் வாய் என்பது இரண்டு பக்கச் சரிவுகளும் (ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள கத்தியில் சரிவும் தட்டையும்) சந்திக்கும் கோடு. மழுங்கிய கத்தியில் அந்தக் கோடு தேய்ந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் உருண்ட பட்டையாகிவிடுகிறது. தீட்டுவது என்றால், அந்தப் பட்டை அடியோடு மறையும் வரை சரிவிலிருந்து இரும்பை எடுப்பது. அவ்வளவு இரும்பை எடுக்கக்கூடியது சொரசொரப்பான முதல் கல் மட்டுமே. அதற்குப் பிறகு வரும் 3000, 8000 எண் கற்களெல்லாம் (எண் கூடக்கூடக் கல் வழவழப்பானது) முந்தைய கல் போட்ட கீறல்களை அழிப்பதற்காக இருப்பவை. முதல் கல்லிலேயே சரிவுகள் சந்தித்திராவிட்டால், பின்னால் வரும் கற்கள் உருண்ட வாயின் இரு பக்கங்களையும் பளபளப்பாக்குமே தவிர, வாயைத் தொடவே தொடாது. முகம் தெரியும் அளவுக்குக் கத்தி மின்னும். தக்காளித் தோலில் வைத்தால் வழுக்கும்.

சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் ஆக்சா பிளேடில் (இரும்பறுக்கும் ரம்பத் தகட்டில்) செய்த ஒட்டுக்கத்தியைக் கொண்டுவந்தார். கூடவே இணையத்தில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய 8000 எண் ஜப்பானியக் கல் ஒன்றும் இருந்தது. “கல்லு போலிங்கண்ணா, நல்லா ஏமாத்திட்டாங்க” என்றார். அவர் சீவிக் காட்டிய ஒட்டுக்குச்சியைப் பார்த்தேன். ஆப்பு வடிவில் ஒரே இழுப்பில் வழவழவென்று வர வேண்டிய முகம், படிப்படியாக, நார் நசுங்கி வந்திருந்தது. அப்படி வந்தால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள பச்சைப் படலம் வேர்ச்செடியின் (ஒட்டைத் தாங்கும் அடிச்செடியின்) படலத்தோடு ஒட்டாது, குச்சி காய்ந்துவிடும். ஒட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது நேரடி நட்டம். நாற்றங்கால்காரருக்கு ஓராண்டு வளர்த்த வேர்ச்செடியும் சேர்ந்து நட்டம்.

கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தோம். நன்றாகத் தீட்டிய வாயில் வெளிச்சம் நிற்பதற்கு இடமே இருக்காது. அவருடைய கத்தியில் நடுப்பகுதியிலிருந்து பிடியை ஒட்டிய அடிவரை மெல்லிய வெள்ளை நூல் ஒன்று தொடர்ந்து மின்னியது. அந்த நூல்தான் மழுங்கல். கல்லில் ஒரு குறையும் இல்லை. சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசி, நான்கைந்து முறை கல்லில் இழுக்கச் சொன்னேன். சரிவின் மேற்பகுதியில் மை போய் இரும்பு தெரிந்தது. வாயை ஒட்டிய கடைசி இழையில் மை அப்படியே இருந்தது. முதுகைத் தேவைக்கும் குறைவாக உயர்த்தி, அவர் இத்தனை நாளும் சரிவின் தோளைத்தான், அதாவது அதன் மேல்விளிம்பைத்தான், தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகை எவ்வளவு உயர்த்துவது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 15 பாகைக் கோணத்துக்கு, 4 செ.மீ. அகலக் கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும், 2 செ.மீ. அகலமென்றால் அதில் பாதி.

அதற்குப் பிறகு நான் கொடுத்தது இரும்புக்கடையில் விற்கும் சாதாரண இருபக்கக் கறுப்புக் கல். அதை ஏளனமாகத்தான் பார்த்தார். அது சிலிக்கான் கார்பைடு; 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் உலையில் உருவாக்கிய பொருள்; கடினத்தில் வைரத்துக்குக் கீழே நின்றாலும் இரும்பைவிட மிக உயர்ந்தது. எந்தக் கத்தி இரும்பையும் அது தின்னும். மை வாய்வரை அழியும் கோணத்தைப் பிடித்துக் கால் மணி நேரம் தேய்த்த பிறகு, மறுபக்கத்தில் பிசிறு, அதாவது வாயைத் தாண்டி மடங்கி நிற்கும் மெல்லிய இரும்பிழை, எழும்பியது. முதுகிலிருந்து வாய் நோக்கிக் கட்டைவிரலை வெளிப்புறமாகத் தடவினால் அந்தப் பிசிறு நகத்தில் மாட்டும். முனை முதல் அடி வரை ஓரிடம் விடாமல் அது எழும்பியிருக்கிறதா என்பதே முதல் கல்லில் வேலை முடிந்ததற்கான ஒரே சாட்சி. அடியிலும் முனையிலும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், நடுவில் வந்த பிசிறைப் பார்த்து மகிழ்ந்து மேலே ஏறிவிடுகிறார்கள். எத்தனை முறை தேய்க்க வேண்டும் என்று கேட்காதீர்கள். பிசிறு வரும் வரை தேய்க்க வேண்டும்.

இந்தத் தவறு இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் கல்லின் எண்ணும் ஒரு காரணம். எண் கூடினால் கூர்மையும் கூடும் என்று விற்கிறவர்கள் சொல்ல, வாங்குகிறவர்களும் நம்பிவிடுகிறார்கள். அந்த எண் துகளின் பருமனைத்தான் சொல்கிறது, அதுவும் ஊருக்கொரு அளவுமுறையில். வண்ணக்கடையில் ‘பி 2000’ என்று அச்சிட்டு விற்கும் வாட்டர் பேப்பரின் துகள் ஏறத்தாழ 10 மைக்ரான். ஜப்பானிய அளவில் 1000 எண் கல்லின் துகளும் அதற்கு வெகு அருகில்தான் வருகிறது. ஆகவே தாளில் 2000 வரை போய்விட்டு 1000 எண் கல்லைக் கரடு என்று ஒதுக்குவதில் பொருளில்லை. என் கணிப்பில், ஒட்டுக்கத்திக்குக் கறுப்புக் கல், 1000 எண் கல், கடைசியில் வாயை இழுத்துச் சீராக்க ஒரு தோல் ஆகிய மூன்றும் போதும்.

எழும்பிய பிசிறை அப்படியே விட்டுவிடுவது

“காலையில் நன்றாகத்தான் இருந்தது, பத்து மணிக்கெல்லாம் மொக்கையாகிவிட்டது” என்ற புகாரைக் கேட்டால், கத்தியை வாங்கிப் பார்க்காமலே பிசிறு என்று சொல்லிவிடலாம். மிக மெல்லிய அந்த இரும்பிழையைத் தோலில் இழுத்தால் அது நிமிர்ந்து நின்று, அபாரக் கூர்மை போல ஏமாற்றும். கொஞ்சம் குச்சிகளைச் சீவியதும் மடிந்துவிடும். சிலர் அதை மரக்கட்டையில் அறுத்துப் பிய்த்து எடுக்கிறார்கள். பிய்ந்த இடம் குதறிப்போகிறது. கடைசிக் கல்லில் கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் தராமல், பக்கம் மாற்றி மாற்றி, வாய் முன்னே செல்லுமாறு மெதுவாகத் தள்ளினால் பிசிறு ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வரும். விரலில் தட்டுப்படாத அளவுக்கு வந்த பிறகே தோலை எடுக்க வேண்டும்.

கை முடியைச் சிரைத்துச் சோதிப்பது

பிசிறும் முடியை வெட்டும்.

தட்டைப் பக்கத்தைத் தூக்கித் தேய்ப்பது

ஒட்டுக்கத்திகள் பலவற்றுக்கும் ஒரு பக்கம் மட்டுமே சரிவு, மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைதான் குச்சியின் மீது படிந்து சென்று வெட்டை நேராக வைத்திருக்கிறது. சமையல் கத்தியைப் போல அந்தப் பக்கத்தையும் சாய்த்துத் தேய்த்தால் வாயோரம் ஒரு குட்டிச் சரிவு விழும், வெட்டு ஆழம் போகாமல் வெளியே வழுக்கும், ஆப்பின் முகம் வளைந்து வரும். இதைச் சரிசெய்வதற்குத் தட்டை முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். ஒரு நாள் வேலை, கத்தியின் ஆயுளிலும் ஒரு பங்கு போய்விடும். தட்டைப் பக்கம் கல்லில் முழுமையாகப் படுத்திருக்க வேண்டும், பிசிறை நீக்கும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும்.

குழிந்த கல்லில் நேரான வாயை எதிர்பார்ப்பது

நடுவிலேயே தேய்க்கத் தேய்க்கக் கல் குழியும். குழிந்த கல்லில் கோணம் இழுப்புக்கு இழுப்பு மாறும், தட்டைப் பக்கம் தட்டையாகவே இருக்காது. இதற்கு நம் மாவட்டத்தில் செலவே இல்லாத வழி உண்டு. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் மெருகேற்றிய பலகையின் வெட்டுத்துண்டுகள் கழிவாகக் கிடக்கின்றன, இந்த வேலைக்குப் போதுமான சமப் பரப்பு அவற்றுக்கு உண்டு. அப்படி ஒரு துண்டின் மீது சொரசொரப்பான வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் போட்டு, எல்லாக் கோடுகளும் மறையும் வரை தேய்த்தால் கல் சமமாகிவிடும். நடுவில் கோடு மிச்சமிருந்தால் குழி இன்னும் இருக்கிறது.

ஒரே கல்லில் எண்ணெயும் தண்ணீரும்

முதலில் எதை விட்டீர்களோ, கடைசிவரை அதையே விடுங்கள்.

தோலில் அழுத்துவது

தோல் அமுங்கும் பொருள். அழுத்தி இழுத்தால் அமுங்கிய தோல் வாயைத் தாண்டியதும் மேலெழும்பி, கஷ்டப்பட்டு எடுத்த கூரை உருட்டிவிடும். பழைய பெல்ட்டைக் கொக்கியில் மாட்டித் தளர்வாக இழுப்பவர்கள் இதை இன்னும் வேகமாகச் செய்து முடிக்கிறார்கள். தோலைச் சமமான பலகையில் ஒட்டிவிடுங்கள். முதுகு முன்னே, வாய் பின்னே என்று மட்டுமே இழுக்க வேண்டும். திருப்பும்போது வாயைத் தோலிலிருந்து எடுத்து, முதுகின் மீது புரட்ட வேண்டும். பாலிஷ் கடையில் கிடைக்கும் பச்சைக் கட்டியில் இருப்பது பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு, நல்ல தரத்தில் அதன் துகள் அரை மைக்ரான் அளவே. ஆகையால் மெல்லிய பூச்சே தாராளம். பாளமாக அப்பினால் வேலை மெதுவாகும்.

மோட்டார் சாணையில் வாயை நீலமாக்குவது

கார்பன் இரும்பில் நீல நிறம் தெரிந்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டிருக்கிறது, பதம் (இரும்புக்கு ஏற்றிய கடினம்) போய்விட்டது என்று பொருள். மேலாகத் தேய்த்து நிறத்தை மறைத்தால் மென்மை உள்ளேயே இருக்கும். பதம் கெட்ட பகுதி முழுவதையும் குளிர்ச்சியாகத் தேய்த்து எடுத்தாக வேண்டும். ஹைஸ்பீடு இரும்பில் செய்த ஆக்சா பிளேடு இந்தச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மைதான். அந்தத் தைரியத்தில் சாதாரண ஒட்டுக்கத்தியையும் சந்தையில் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

மாம்பாலோடு உறையில் செருகுவது

மாம்பால் அமிலத்தன்மை கொண்டது. கார்பன் இரும்பை அது கறுக்கச் செய்து அரிக்கும். மெல்லிய வாயில்தான் அந்த அரிப்பு முதலில் தெரியும். வேலை நடக்கும்போதே ஈரத்துணியால் அடிக்கடி துடைத்து, மாலையில் கழுவி உலர்த்தி, தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு தடவிவையுங்கள். தோல் உறை ஈரத்தை விடாது என்பதால், இரவில் கத்தி உறைக்கு வெளியே இருக்கட்டும்.