கார்பன் இழை ஆடியைச் சோதிப்பது எப்படி

மின்னேற்றமுள்ள துகள் ஓர் ஊடகத்தில் அங்குள்ள ஒளியைவிட வேகமாகப் போனால் வெளிவிடும் ஒளிதான் செரென்கோவ் ஒளி. அதன் வளையங்களைப் படம் பிடிக்கும் டிடெக்டரில் துகள்கள் ஒளியைத் திருப்பும் ஆடியையே துளைத்துக்கொண்டு போகும், அதனால்தான் செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சிபி பரிசோதனையில் இருக்கும் ரிச்-1 என்ற அப்படிப்பட்ட டிடெக்டரில் கனமான கண்ணாடிக்குப் பதில் கார்பன் இழை கலப்புப் பொருளில் செய்த கோள ஆடிகளை வைத்தார்கள். எடை குறைந்தால் போதுமா? வடிவம் நிற்க வேண்டுமே.

முதலில் ஆடியின் வளைவு மையத்துக்கு (அந்தக் கோளத்தின் மையத்துக்கு) பக்கத்தில் ஒரு புள்ளி ஒளிமூலத்தை வையுங்கள், அதை ஒட்டியே கேமரா. இரண்டையும் சேர்த்து முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால் திரும்பி வரும் ஒளிப்பொட்டு சுருங்கி, அப்புறம் மறுபடி விரியும். மிகச் சிறிதாகும் இடத்துக்கும் ஆடிக்கும் உள்ள தூரம்தான் வளைவு ஆரம். அங்கே 95 சதவீத ஒளி அடங்கும் வட்டத்தின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், ஆடியின் தரம் அதில் தெரிந்துவிடும். பொட்டு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் வால் நீண்டால் முதலில் பிடிமானத் திருகுகளைத் தளர்த்திப் பாருங்கள். மெல்லிய ஆடி, கொஞ்சம் இறுக்கினாலும் முறுக்கிக்கொள்ளும்.

பிரதிபலிப்பைப் புற ஊதாவிலும் அளந்து பாருங்கள், செரென்கோவ் ஒளி அங்கேதான் செழிப்பு.

கடைசியாக, நான் ஒருபோதும் விடக்கூடாது என்று நினைப்பது: இழைகளைப் பிணைக்கும் பிசின் ஈரத்தை உறிஞ்சும், சுற்றியுள்ள வாயுவாலும் மாறலாம், அதனால் டிடெக்டரில் நிரப்பப்போகும் அதே வாயுவில் மாதிரியை வாரக்கணக்கில் ஊறவிட்டு, ஆரத்தையும் பொட்டையும் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.