வீட்டு வளவில் நாலு கோழி: இங்கிலாந்தில் சட்டம் என்ன, எதில் தொடங்குவது

இங்கே வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் தோட்டத்தில் கீரையும் மிளகாயும் வைத்து முடித்த கையோடு கேட்கிற அடுத்த கேள்வி, "கோழி வளர்க்க விடுவார்களா?" என்பதுதான். விடுவார்கள். அதற்கென்று லைசென்ஸ் எடுக்கத் தேவையில்லை, ஒரு வீட்டுக்கு இத்தனை கோழிதான் என்று நாடு முழுவதற்கும் போட்ட எண்ணிக்கையும் கிடையாது. ஆனால் கோழியைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு தெரிந்துகொண்டால் சிக்கலாகிற விஷயங்கள் சில இருக்கின்றன, அவற்றை நான் செய்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். நான் எழுதுவது இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்தில் பதிவு முறை வேறு.

படி 1: வீட்டு உறுதியை எடுத்து வாசியுங்கள்

1930களில் கட்டிய வீடுகளின் உறுதிகளில், "பன்றி, கோழி வளர்க்கக்கூடாது" என்கிற மாதிரி ஒரு வரி அடிக்கடி இருக்கும். என் தோழி ஒருத்தி வீட்டில் சாப்பாட்டு மேசையில் உறுதியை விரித்து வைத்து வாசித்தபோது அந்த வரியில் விரலை வைத்தபடியே முகம் வாடிப் போனாள், கூட்டுக்குப் பலகை வரை வாங்கி வைத்திருந்தவள். அன்று இரவு தேடித்தான் 1950ஆம் ஆண்டின் அலொட்மென்ட்ஸ் சட்டத்தைக் கண்டுபிடித்தோம். பெயரைப் பார்த்தால் கவுன்சில் வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டுகளுக்கு மட்டுமான சட்டம் போலத் தெரியும். அதன் 12ஆம் பிரிவோ, குத்தகையிலோ உறுதியிலோ ஒப்பந்தத்திலோ என்ன எழுதியிருந்தாலும், ஒரு நிலத்தில் குடியிருப்பவர் அங்கே பேட்டுக்கோழியும் முயலும் வளர்க்கலாம், அதற்கு நியாயமாகத் தேவைப்படும் கூட்டையும் வைக்கலாம் என்கிறது.

அதிலேயே நிபந்தனைகளும் இருக்கின்றன. வியாபாரமாகச் செய்யக்கூடாது. சுகாதாரத்துக்குக் கேடாகவோ அயலாருக்குத் தொல்லையாகவோ இருக்கக்கூடாது. வேறு சட்டங்களை இது தள்ளி வைக்காது. அதோடு, சட்டம் சொல்வது பேட்டுக்கோழியை, சேவலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த நிபந்தனைகளை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள், ஏனென்றால் கீழே வருகிற வேலையெல்லாம் பெரும்பாலும் இவற்றைக் காப்பாற்றத்தான்.

வாடகை வீடென்றால் சட்டத்தைக் காட்டி வாதாடுவதை விட வீட்டுக்காரரிடமோ கவுன்சிலிடமோ முதலே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பிளாட்டின் பொதுத் தோட்டம் உங்களுடையது மட்டுமல்ல, அங்கே ஆசைப்படாதீர்கள்.

படி 2: கூடு எங்கே வைப்பது

வீட்டின் முன்பக்கம் வேண்டாம், பின்வளவில் வையுங்கள். தனி வீட்டின் பின்வளவில் வைக்கும் கோழிக்கூட்டுக்குப் பொதுவாகப் பிளானிங் அனுமதி தேவைப்படாது, விதியிலேயே கோழி வளர்ப்பு பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலியிலிருந்து 2 மீற்றருக்குள் வைத்தால் உயரம் 2.5 மீற்றரைத் தாண்டக்கூடாது, கொட்டில்கள் எல்லாம் சேர்த்து வளவில் பாதிக்கு மேல் போகக்கூடாது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றால் மட்டும் கவுன்சிலைக் கேட்டே ஆகவேண்டும்.

சட்டத்துக்கு வெளியே ஒன்று: லண்டனில் நரி வராத தெரு கிடையாது. மெல்லிய கோழி வலையை அது பல்லால் கிழித்துவிடும். வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளை ஒட்டிச் செய்த தடித்த வலை, வாங்குங்கள், அதை நிலத்துக்குள்ளும் கொஞ்சம் இறக்குங்கள்.

படி 3: சேவல் வேண்டாம், அயலாரிடம் முதலே கதையுங்கள்

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. இதை ஊரில் வளர்ந்தவர்களே சிலர் நம்புவதில்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டை இடும், குஞ்சு மட்டும் பொரிக்காது. விடியக்காலை நாலரை மணிக்குச் சேவல் கூவி அயலார் கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்தால், 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்து பார்ப்பார்கள், தொல்லைதான் என்று முடிவானால் அதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வரும், அதை மீறுவது குற்றம். மணத்துக்கும் இதே சட்டம்தான். எலி பெருகினால் அதற்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. தீனியை மூடியுள்ள தகர வாளியில் வையுங்கள், பொழுதுபட்டதும் தீனித் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள்.

கூடு வருவதற்கு முன்னரே இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் போய், "மூன்று பேடு வளர்க்கப் போகிறோம், சேவல் இல்லை, ஏதும் கரைச்சல் என்றால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். முதல் முட்டைகளில் அரை டசின் அவர்களுக்கு.

படி 4: பதிவு, இது கட்டாயம்

முன்பு 50 கோழியோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள்தான் கட்டாயம் பதிய வேண்டியிருந்தது. 2024 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி இருந்தாலும் பதிய வேண்டும், கோழி வந்து ஒரு மாதத்துக்குள். காசு இல்லை. விலங்கு, தாவர சுகாதார முகமையிடம், அதாவது ஆப்ஹாவிடம், ஒன்லைனில் பதியலாம். உங்கள் தொடர்பு விபரம், கோழி இருக்கும் முகவரி, என்ன இனம், எத்தனை, எதற்காக வளர்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை விபரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அருகில் பறவைக் காய்ச்சல் வந்தால் உங்களுக்கு அறிவிப்பு வருவது இந்தப் பதிவினால்தான், ஆகவே ஒளித்து வளர்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

படி 5: மிஞ்சின சோற்றைப் போடாதீர்கள்

எங்கள் ஆட்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கோப்பையை வழித்துப் பின்வாசலில் தட்டுவா, தட்டுகிற சத்தத்துக்கே கோழிகள் வேலிக்கடியிலிருந்து ஓடி வரும். அந்தப் பழக்கம் கையிலேயே இருக்கிறது. இங்கே அது சட்டவிரோதம். சோறு, பாண், மரக்கறித் தோல் எதுவாக இருந்தாலும், உங்கள் சமையலறைக்குள் போய் வந்துவிட்டால் அதைக் கோழிக்குப் போடக்கூடாது. கோழியைச் செல்லப் பிராணியாக வளர்த்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பண்ணை விலங்குதான். சைவச் சாப்பாட்டு வீடென்றாலும் தப்ப முடியாது, ஏனென்றால் பாலும் தயிரும் நெய்யும் புழங்குகிற அடுப்படி அது. பாலோ முட்டையோ கூட உள்ளே வராத முழு வீகன் வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு.

இவ்வளவு கடுமை ஏன் என்றால், 2001இல் இங்கே கோமாரி நோய் பரவியபோது அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடு, ஆடு, பன்றிகளைக் கொன்றார்கள். சரியாகச் சூடாக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்ட ஒரு பண்ணையில்தான் அது தொடங்கியதாகக் கண்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதே நாட்டில் முட்டைப் பங்கீட்டை விட்டுக் கொடுத்தவர்களுக்கு அரசாங்கம் கோழித் தீன்மா கொடுத்து, வீட்டு மிச்சத்தோடு கலந்து போடச் சொன்னது. காலம் அப்படி மாறியிருக்கிறது.

அப்படியென்றால் என்ன போடலாம்? கடையில் விற்கும் லேயர்ஸ் பெல்லட், அதாவது முட்டையிடும் கோழிக்கென்று செய்த குருணைத் தீனிதான் முக்கிய தீனி. தோட்டத்தில் பிடுங்கிய கீரையை, கோவா இலையை வீட்டுக்குள் கொண்டு போகாமல் நேரே கூட்டுக்குக் கொண்டு போங்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தது ஒரே ஒரு விதி: கதவு நிலையைத் தாண்டி உள்ளே வந்தது கோழிக்கு இல்லை. விருந்துக்கு வருகிற மாமிமாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அவர்கள்தான் பாசத்தில் தட்டுவார்கள்.

படி 6: பறவைக் காய்ச்சல் காலம்

நோய் பரவும்போது எல்லாக் கோழிகளையும் அடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு வரும். 2021 நவம்பர் 29 முதல் 2022 மே 2 வரை ஒரு தடவை, திரும்பவும் 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை. ஐந்து மாதத்துக்கு மேல். படுக்கிற பெட்டிக்குள் அத்தனை நாள் கோழியை அடைக்க முடியாது, அது கொடுமை. அதனால் முதல் நாளிலேயே உலாவும் இடத்துக்கும் சேர்த்துக் கூரை போடுங்கள், பக்கங்களில் சிட்டுக்குருவி நுழையாத சின்னக்கண் வலை. ஒவ்வொரு தடவையும் உத்தரவின் விபரம் கொஞ்சம் மாறும், வந்ததும் முழுதாக வாசியுங்கள். பல கோழிகள் ஒன்றாகச் சோர்ந்தாலோ திடீரென்று செத்தாலோ மறைக்காமல் உடனே அறிவிக்க வேண்டும், அதுவும் சட்டம்.

முட்டை, மருந்து, செத்த கோழி

மிஞ்சும் முட்டையைச் சாப்பிடப் போகிறவருக்கே வீட்டு வாசலில் கொடுக்கலாம். கடைக்கோ ரெஸ்ரோரன்டுக்கோ கொடுக்க வெளிக்கிட்டால் வேறு பதிவுகள் வேண்டும், படி 1இல் சொன்ன வியாபார நிபந்தனையும் நினைவிருக்கட்டும். மருந்து கொடுத்தால் எத்தனை நாளுக்கு முட்டை சாப்பிடக்கூடாது என்று லேபிளைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியை ஐந்து வருடம் வைத்திருங்கள்.

கோழி செத்தால் வளவில் புதைக்கக்கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. அதற்கென்று அனுமதி பெற்றவர்கள் எடுத்துப் போக வேண்டும், மிருக வைத்தியர் மூலமாகவும் ஒழுங்கு செய்யலாம். நாய் பூனை பார்க்கிற எல்லா வைத்தியரும் கோழி பார்ப்பதில்லை. கோழி வாங்கப் போவதற்கு முன்னரே வீட்டுக்குக் கிட்ட உள்ள இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் எடுத்து, "கோழி பார்ப்பீர்களா?" என்று கேட்டு, ஆம் என்றவரின் நம்பரைக் கூட்டுக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.