டிக்கும் ரொட்டும் ஒரே மெசினில்: பிளக் பொயின்ட் முதல் ஒட்டு விழும் வரை

ரொட் வெல்டிங் (பூச்சுள்ள கம்பியை எரித்து ஒட்டுவது), டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையிலிருந்து பாயும் மின்பொறியால், ஆர்கன் காஸ் மறைப்பில் ஒட்டுவது) இரண்டும் செய்யும் 200 அம்பியர் இன்வேர்ட்டர் மெசின் ஒன்று இருந்தால் கேற், கிறில், பொக்ஸ் பார் கூரை, லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு மெசின்) பெட்டி, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத உருக்கு) கைபிடி என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பட்டறை வேலைகளில் பெரும்பங்கைச் செய்து முடிக்கலாம். பழைய ட்ரான்ஸ்போமர் மெசினைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இதை ஒரு கையில் கொண்டுபோகலாம். ஆனால் பழையது பொறுத்துக்கொண்ட பலவற்றை இது பொறுக்காது. ஒட்டு சரியாக விழாவிட்டால் பழி உடனே மெசின்மேல் போகிறது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கு: உள்ளே வரும் கரண்ட், எர்த் கிளாம்ப், எந்த வயர் எந்த முனையில் என்பது, வீசும் காற்று.

கரண்ட் போதுமா?

வீட்டு இணைப்பு 230 வோல்ட், பெரும்பாலும் 30 அம்பியர். மெசினின் முகப்பில் காட்டும் அம்பியர் வேறு, சுவரிலிருந்து அது இழுக்கும் அம்பியர் வேறு. 2.5 மி.மீ. ரொட்டை 80 அம்பியரில் எரித்தால் சாதாரண இன்வேர்ட்டர் சுவரிலிருந்து ஏறக்குறைய 13, 14 அம்பியர் இழுக்கும். அதாவது 13 அம்பியர் சதுரப்பின் பிளக்கின் எல்லை அதுதான். 3.15 மி.மீ. ரொட்டை 120 இல் வைத்தால் 20 ஐத் தாண்டும். 200 இல் 40 ஐ நெருங்கும். அதை வீட்டு இணைப்பு தாங்காது. டிக்கில் ஆர்க்கின் (உலோகத்தை உருக்கும் மின்பொறியின்) வோல்ட் குறைவு என்பதால் 100 அம்பியரில் வேலை செய்தாலும் சுவரிலிருந்து 10 அளவுதான் போகும். சரியான கணக்கு மெசினின் பின்பக்கத் தகட்டில் இருக்கும். வாங்கும்போதே அதைப் பாருங்கள்.

ஒழுங்காகச் செய்வதென்றால் மெயின் போர்டிலிருந்து 6 சதுர மி.மீ. வயரில் தனி லைன் எடுத்து, 32 அம்பியர் சி வகை பிரேக்கரும் நீல நிற 32 அம்பியர் தொழிற்சாலை பிளக்கும் பூட்ட வேண்டும். இதைத் தகுதியுள்ள மின் வேலையாள்தான் செய்ய வேண்டும். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி வயர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்து ஈர முற்றத்தில் ஆளைக் காப்பாற்றுவது அந்தச் சுவிட்ச் மட்டும்தான்.

எக்ஸ்டென்ஷன் வயரில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 30 மீற்றர் நீளமான 1.5 சதுர மி.மீ. வயரில் 20 அம்பியர் ஓடினால் போய்வரும் வழியில் 14, 15 வோல்ட் தொலையும். 4 சதுர மி.மீ. வயரில் அது 5, 6 வோல்ட்தான். மாலையில் ஊர் முழுக்க லைட் எரியும் நேரத்தில் லைன் ஏற்கனவே 205 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால், மெல்லிய வயரின் மறுமுனையில் 190 தான் மிஞ்சும். ஆர்க் திணறும், ரொட் ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் லைட் எரிந்து மெசின் நின்றுவிடும். வயரைச் சுருளாக வைத்து வேலை செய்யவும் கூடாது. உள்சுற்று வெந்து உறை உருகும். முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். ஜெனரேற்றரில் ஓட்டுவதென்றால் 2.5 மி.மீ. ரொட்டுக்கே 5 கேவிஏ வேண்டும், 3.15 க்கு 7 அல்லது 8.

தகட்டில் 60% என்று போட்டிருந்தால் அந்த அம்பியரில் 10 நிமிடத்தில் 6 நிமிடம்தான் எரிக்கலாம் என்று பொருள். சூடேறி நின்றால் சுவிட்சை அணைக்க வேண்டாம். உள்ளே விசிறி ஓடட்டும், தானாகத் திரும்பி வரும்.

முனைகள்

ரொட் வெல்டிங்கில் ஹோல்டர் பிளஸ்ஸில், எர்த் கிளாம்ப் மைனஸில். 7018 வகை ரொட் இப்படித்தான் எரியும். 6013 எப்படி மாட்டினாலும் எரியும். மெல்லிய பொக்ஸ் பாரில் ஓட்டை விழுந்தால் மாற்றி மாட்டி, ரொட்டை மைனஸில் வைத்துப் பாருங்கள், இரும்பில் சூடு குறையும்.

டிக்கில் தலைகீழ்: டோர்ச் (டங்ஸ்டனைப் பிடிக்கும் கைபிடி) மைனஸில், எர்த் பிளஸ்ஸில். இதை மாற்றாமல் ஆர்க் பிடித்தால் டங்ஸ்டன் முனை சில விநாடிகளில் உருண்டையாகி, உருகி வேலைக்குள் விழும். ரொட்டிலிருந்து டிக்குக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கைப்பழக்கத்தில் நடக்கிற பிழை இது.

பிளக்குகளை உள்ளே செருகி வலப்பக்கம் இறுகும்வரை திருப்புங்கள். அரைகுறையாக நின்றால் பித்தளை கருகி மெசினின் முகப்பே உருகும். எர்த் கிளாம்ப் பெயின்ட்டுக்கு மேலோ துருவுக்கு மேலோ கடித்திருக்கக் கூடாது. கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அரிசி ஆலை மெசின்களிலும் லேண்ட்மாஸ்டரிலும் இன்னொன்று பார்க்க வேண்டும். கிளாம்புக்கும் ஒட்டுக்கும் நடுவில் பெயாரிங் இருந்தால் கரண்ட் அதன் வழியே பாய்ந்து குண்டுகளில் குழி விழுத்தும். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. அறுவடை நடுவில் சத்தம் போடும். வாகனமென்றால் பற்றரியின் இரண்டு வயர்களையும் கழற்றிவிடுங்கள்.

ரொட்

கடையில் 12 ஆம் கேஜ் என்று கேட்டால் 2.5 மி.மீ., 10 ஆம் கேஜ் என்றால் 3.15 மி.மீ. தருவார்கள். 2 மி.மீ. ரொட்டுக்கு 40 முதல் 60 அம்பியர், 2.5 க்கு 60 முதல் 90, 3.15 க்கு 90 முதல் 130. நடுவில் தொடங்கி சத்தத்தைக் கேளுங்கள்: சீராகப் பொரியும் சத்தம் என்றால் சரி. விட்டுவிட்டு இருமினால் அம்பியர் குறைவு. ரொட் பாதி தீரும் முன்னே முழு ரொட்டும் சிவந்து பூச்சு உதிர்ந்தால் அதிகம். நிமிர்ந்த ஒட்டில் 10 முதல் 15% குறையுங்கள்.

தீக்குச்சி உரசுவதுபோல் உரசி, பிடித்தவுடன் ரொட்டின் கம்பித் தடிப்பளவு இடைவெளியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் தூக்கினால் தெறிப்பு கூடும், ஒட்டில் ஊசித்துளை விழும். ரொட்டைப் போகும் திசைக்குச் சற்றுச் சாய்த்து இழுங்கள். உருகிய கசடு எப்போதும் பின்னால் நிற்க வேண்டும். கசடு முன்னால் ஓடினால் ஒன்றில் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள், இல்லாவிட்டால் அம்பியர் போதாது. அதன்மேல் ஒட்டிக்கொண்டு போனால் வெளியே அழகாக இருக்கும், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பிளக்கும். ஓரத்தில் வாய்க்கால்போல் அரித்திருந்தால் அம்பியர் கூடியிருக்கும், அல்லது ஓரத்தில் ரொட்டை நிறுத்தாமல் ஓடியிருப்பீர்கள்.

1.2 மி.மீ. பொக்ஸ் பாரில் நீள ஒட்டே போட வேண்டாம். 2 மி.மீ. ரொட், 40 முதல் 45 அம்பியர். நான்கு மூலையும் டேக் (சிறு புள்ளி ஒட்டு) வைத்து மட்டம் பார்த்து, பிறகு எதிரெதிர்ப் பக்கமாகச் சிறு துண்டுகளாகப் போடுங்கள். ஒரே பக்கமாகப் போட்டால் கேற் வளைந்து பூட்டு பொருந்தாது. இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் ரொட்டால் நிரப்பப் பார்க்காமல் துண்டைத் திரும்ப வெட்டுவதே மலிவு.

கார்த்திகை, மார்கழி மழையில் திறந்த பெட்டியிலுள்ள ரொட் ஈரம் இழுத்துவிடும். பூச்சு உதிர்வதும் ஒட்டு முழுக்கத் துளை விழுவதும் அதனால்தான். 6013 ஐ 100 முதல் 120 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் உலர்த்தினால் போதும். 7018 க்கு 300 முதல் 350 பாகை வேண்டும். வெயிலில் காயவைப்பது அதற்குப் பத்தாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் பாதித் தொல்லை இல்லை.

டிக்

காஸ் சுத்தமான ஆர்கன் மட்டும். மிக் வெல்டிங்குக்கு (சுருளிலிருந்து கம்பி தானாக வரும் வெல்டிங்) விற்கும் காபனீரொட்சைட்டுக் கலவை டங்ஸ்டனை எரித்துவிடும். சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலி போடுங்கள். ரெகுலேற்றர் பூட்டும் முன் வால்வை ஒரு கணம் திறந்து மூடித் தூசியை ஊதவிடுங்கள். பூட்டிய பின் சவர்க்கார நுரை தடவி ஒழுக்குப் பார்க்க வேண்டும். ஓட்டம் நிமிடத்துக்கு 6 முதல் 10 லீற்றர். 10 லீற்றர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 1500 லீற்றர் ஆர்கன் இருக்கும். நிமிடத்துக்கு 8 என்றால் 3 மணித்தியாலம் ஆர்க். இரவெல்லாம் ஒழுகும் ஒரு வளையம் அதை வேலையில்லாமலே முடித்துவிடும்.

கச்சான் வீசும் மாதங்களிலும் பின்னேரக் கடற்காற்றிலும் கல்லடி, கல்முனை, பொத்துவில் போன்ற இடங்களில் திறந்த வெளியில் டிக் சரிவராது. காற்று ஆர்கனை அடித்துக்கொண்டு போனால் ஒட்டு கறுத்துப் புழுத்துப்போகும். உடனே காஸை 15, 20 க்குத் திறப்பார்கள்; அது சுழன்று வெளிக்காற்றையும் இழுத்துவருவதால் இன்னும் மோசமாகும். தகரமோ தார்ப்பாயோ மறைப்புக் கட்டுவதுதான் வழி. மின்விசிறியையும் திருப்பிவிடுங்கள்.

சாதாரண வேலைக்கு 1.6 மி.மீ. டங்ஸ்டன் போதும், 120, 130 அம்பியருக்கு மேல் என்றால் 2.4. சாம்பல், தங்கம், நீல நிற முனையுள்ளவை டி.சி.க்கு (ஒரே திசையில் ஓடும் கரண்டுக்கு) நல்லவை. சிவப்பு நன்றாக எரியும், ஆனால் அதில் தோரியம் இருக்கிறது. தீட்டும் தூசியை மூச்சில் எடுக்கக் கூடாது என்பதால் வேறு இருக்கும்போது அது தேவையில்லை. தீட்டும்போது கீறல்கள் டங்ஸ்டனின் நீளப்பாட்டில் போக வேண்டும். குறுக்கே தீட்டினால் ஆர்க் அலையும். கூர்ப் பகுதியின் நீளம் டங்ஸ்டனின் தடிப்பைப் போல் இரண்டரை மடங்கு. டோர்ச் வாயிலுள்ள கப்புக்கு வெளியே 4, 5 மி.மீ. நீட்டினால் போதும். தீட்டுவதற்கென்று ஒரு கல்லைத் தனியே வையுங்கள்.

அம்பியர் கணக்கு: சாதாரண இரும்புக்கு ஒரு மி.மீ. தடிப்புக்கு 40. எஸ்.எஸ்.க்கு அதிலும் சற்றுக் குறைவு, 1.2 மி.மீ. குழாய்க்கு 35 முதல் 45. ஆர்க் அணைந்த பின்னும் காஸ் ஓடும் நேரத்தை 5 விநாடிக்குக் குறைக்க வேண்டாம், 100 அம்பியரில் 10 விநாடி. அது ஓடி முடியும்வரை டோர்ச்சை அந்த இடத்திலேயே பிடித்திருங்கள்.

லிஃப்ட் ஆர்க் மெசினில் டங்ஸ்டனை மெல்லத் தொட்டு, சுவிட்சை அழுத்தி, 2, 3 மி.மீ. தூக்கினால் ஆர்க் பிடிக்கும். டோர்ச்சை 15 பாகை பின்னுக்குச் சாய்த்து முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ரொட்டில் இழுப்பதற்கு இது நேர் எதிர். முதலில் இரண்டு பக்கமும் உருகி ஒன்றுசேரும்வரை காத்திருந்து, பிறகு ஃபில்லர் கம்பியை (ஒட்டை நிரப்பும் கம்பியை) அந்த உருகலின் முன்விளிம்பில் தொட்டு எடுங்கள். ஆர்க்கில் நீட்டினால் அது துளியாகி டங்ஸ்டனில் ஒட்டும். ஒட்டினால் நிறுத்தித் திரும்பத் தீட்டுவதைத் தவிர வழியில்லை. சூடான கம்பி நுனி ஆர்கனுக்குள்ளேயே இருக்கட்டும்.

304 எஸ்.எஸ்.க்கு 308எல் ஃபில்லர், எஸ்.எஸ்.ஐ இரும்போடு சேர்க்க 309எல், இரும்புக்கு 70எஸ்-6. ஒட்டின் நிறம் வைக்கோல் மஞ்சள் என்றால் நல்லது, நீலம் என்றால் சூடு சற்றுக் கூடிவிட்டது, சாம்பல், கறுப்பு என்றால் கெட்டுவிட்டது. கடற்கரை வீட்டுக் கைபிடியில் அந்தக் கறுப்பை அப்படியே விட்டால் சில மாதத்தில் செந்துரு வழியும். பிக்லிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டுக் கழுவ வேண்டும். அதைக் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. இரும்பு தேய்த்த கம்பித் தூரிகையும் டிஸ்க்கும் எஸ்.எஸ்.இல் படவே கூடாது. அலுமினியத்துக்கு ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) வேண்டும், டி.சி. மட்டும் உள்ள மெசினில் அதை முயல வேண்டாம்.

உடம்பு

சாரமும் ரப்பர் செருப்பும் வெல்டிங்குக்கு ஆகாது. பருத்திக் காற்சட்டை, மூடிய தோல் சப்பாத்து, உலர்ந்த தோல் கையுறை வேண்டும். மெசின் சும்மா நிற்கும்போதே முனைகளில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். வியர்த்த உடம்போடு ஈர மண்ணில் நின்றால் அதுவே போதும். பலகை மேல் நில்லுங்கள். முகமூடிக் கண்ணாடியின் இருட்டு எண் ரொட்டுக்கு 10 அல்லது 11, சிறு அம்பியர் டிக்குக்கு 9 அல்லது 10. ஜீ.ஐ. குழாயில் இரண்டு பக்கமும் 25 மி.மீ. நாகப் பூச்சைத் தேய்த்தெடுத்த பின்னரே ஒட்டுங்கள். நாகம் எரியும் வெள்ளைப் புகையால் இரவு காய்ச்சல் நடுங்கும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை மட்டும்தான்.

டீசல், பெற்றோல் டாங்கிகளைக் கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஒட்டாதீர்கள். மடிப்புகளில் மிஞ்சும் ஆவியே வெடிக்கப் போதும். தண்ணீர் பவுசர் போன்ற மூடிய கொள்கலனுக்குள் டிக் செய்தால் வேறு ஆபத்து: ஆர்கன் காற்றை விடக் கனம், அடியில் தேங்கி மூச்சுக்காற்றை வெளியேற்றும், மணமும் இல்லை. உள்ளே காற்று ஊதும் வழியும் வெளியே ஓர் ஆளும் இல்லாமல் இறங்கக் கூடாது.

வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, டோர்ச் சுவிட்சை அழுத்தி மீதிக் காஸை வெளியேற்றி, ரெகுலேற்றர் திருகைத் தளர்த்துங்கள். கரையோரப் பட்டறைகளில் உப்பும் கிரைண்டர் தூசியும் சேர்ந்து உள்ளிருக்கும் போர்டை அரித்துவிடும். மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிக் குறைந்தது 10 நிமிடம் விட்டு, மூடியைத் திறந்து, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதுங்கள். கிரைண்டர் பொறி பறக்கும் பக்கம் மெசினின் விசிறியைத் திருப்பி வைக்க வேண்டாம்.