உப்பு நீரில் விதை எவ்வளவு தாங்கும்? டெல்டா வயலுக்கு ஒரு வீட்டுச் சோதனை

வேதாரண்யம், தலைஞாயிறு, சீர்காழி போன்ற கடைமடைப் பகுதிகளில் நேரடி விதைப்பு செய்த வயல் திட்டுத்திட்டாக முளைத்தால், பெரும்பாலும் விதையின் மீதுதான் முதலில் பழி விழுகிறது. ஆற்று நீர் வந்து சேரத் தாமதமாகி, ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்ப வேண்டியிருக்கும் ஆண்டுகளில், காரணம் விதையா, நீரா, மண்ணா என்பதைப் பிரித்தறிவது மிகவும் அவசியம். அதை வீட்டிலேயே, சில தட்டுகளையும் கொஞ்சம் உப்பையும் கொண்டு செய்துவிடலாம்.

உப்பு விதையை இரண்டு வழிகளில் பாதிக்கிறது. விதைக்கு வெளியே உள்ள நீரில் உப்பு மிகுந்தால், விதையால் அந்த நீரை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. ஈரத்தில் கிடந்தும் அது தாமதமாகவே முளைக்கிறது. முளைத்த பிறகு சோடியமும் குளோரைடும் இளவேருக்குள் புகுந்து திசுக்களைக் கெடுக்கின்றன. ஆகவே முளைத்த விதைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், வேரின் நீளத்தையும் அளக்க வேண்டும்.

கரைசல் தயாரித்தல்

முதல் சோதனைக்குப் பாசிப்பயறே ஏற்றது. உப்பை அதிகம் தாங்காத பயிர் என்பதால், ஒரு வாரத்திற்குள் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிடும். நெல்லை அடுத்த சுற்றில் வைத்துக்கொள்ளலாம்.

நன்கு காய்ந்த, அயோடின் கலக்காத உப்பில் 8 கிராம் எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் வருமாறு மழைநீரில் கரைக்கவும். இதில் அரை லிட்டரைத் தனியே எடுத்து, அதனுடன் அரை லிட்டர் மழைநீர் சேர்த்தால் லிட்டருக்கு 4 கிராம் கரைசல் கிடைக்கும். அதையும் இவ்வாறே பாதியாக்கினால் 2 கிராம், மீண்டும் பாதியாக்கினால் 1 கிராம். ஒரே ஒரு முறை எடை போட்டால் போதும் என்பதால், நுண்ணிய தராசு இல்லாதவர்களுக்கு இம்முறை எளிது. உப்பில்லாத மழைநீர் ஐந்தாவது நிலை. மற்றவற்றை அதனோடுதான் ஒப்பிடப் போகிறோம். உங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையின் உண்மையான கேள்வியே அதுதான்.

ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தால் அதன் மின்கடத்தும் திறன் (நீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவீடு) மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிசீமன்ஸ் இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. பாசன நீர் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்றும், 3-ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு தேவை என்றும் உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல் கூறுகிறது. கையடக்கக் கருவி மைக்ரோசீமன்ஸில் காட்டினால், சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோசீமன்ஸ் என்பது மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸ் என்று கொள்ளவும்.

விதை வைத்தல்

ஒரே அளவுள்ள, வண்டு துளைக்காத விதைகளாகப் பொறுக்கி, ஒவ்வொரு தட்டிலும் 25 விதைகளும், ஒவ்வொரு நீருக்கும் மூன்று தட்டுகளுமாக வைக்கவும். ஒரே தட்டை நம்பினால், தற்செயலாகச் சேர்ந்த சில சொத்தை விதைகள்கூட முடிவை மாற்றிவிடும். தட்டில் காகிதத் துண்டையோ, சோப்பு வாடையில்லாத பழைய பருத்தித் துணியையோ இரண்டாக மடித்து விரித்து, உரிய கரைசலால் நனைத்து, விதைகளைப் பரப்பி, மேலே இன்னொரு தட்டால் மூடி நிழலில் வைக்கவும்.

நெல்லில் செய்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முட்டை மிதக்கும் பதத்திலான உப்புக் கரைசலில் பதர் நீக்கும் வழக்கம் நம் பகுதியில் உண்டு; அந்த விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் சோதனைக்கு எடுத்தால், மழைநீர்த் தட்டும் உப்புத் தட்டாகிவிடும். மேலும், புதிதாக அறுவடை செய்த நெல்லுக்கு விதையுறக்கம் (உயிரோடு இருந்தும் முளைக்காத நிலை) இருக்கக்கூடும் என்பதால், சில மாதங்கள் இருப்பில் இருந்த விதையே நல்லது.

இனி, இந்தச் சோதனை பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம். தட்டிலிருந்து நீர்தான் ஆவியாகும். உப்பு அங்கேயே தங்கும். காய்கிறதே என்று அதே உப்புக் கரைசலை மீண்டும் மீண்டும் ஊற்றினால், 2 கிராம் என்று எழுதி ஒட்டிய தட்டு நான்காம் நாளில் 4 கிராமை எட்டியிருக்கலாம். எனவே இரண்டு நாளுக்கு ஒருமுறை காகிதத்தை மாற்றிப் புதுக் கரைசலால் நனைப்பதே சரியான முறை. இடையில் காய்ந்தால் மழைநீரை மட்டும் தெளிக்கவும். கோடையில் வயலின் மேற்பரப்பில் வெள்ளையாக உப்புப் பூப்பதும் இதே காரணத்தால்தான்.

எண்ணுதலும் அளத்தலும்

தினமும் ஒரே நேரத்தில் எண்ணவும். வேர் 2 மில்லிமீட்டர் வெளிவந்தால் முளைத்ததாகக் கொள்ளலாம். ஏழாம் நாள் ஒவ்வொரு தட்டிலும் பத்து நாற்றுகளை எடுத்து, வேரையும் தண்டையும் தனித்தனியே அளக்கவும். உப்பு மிகுந்த தட்டில் வேர் குட்டையாகவும், நுனி பழுப்பேறியும், பக்கவேர்கள் இல்லாமலும் இருக்கும். ஒவ்வொரு நீரின் சராசரி வேர் நீளத்தையும் மழைநீர்த் தட்டின் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக, மழைநீரில் 8 சென்டிமீட்டரும் கிணற்று நீரில் 5 சென்டிமீட்டரும் இருந்தால், கிணற்று நீரின் மதிப்பு 62.5 விழுக்காடு. மழைநீர்த் தட்டிலேயே 75 விழுக்காட்டிற்குக் குறைவாக முளைத்திருந்தால், குறை விதையில் இருக்கிறது; வேறு விதையில் சோதனையைத் திரும்பச் செய்யவும்.

நெல்லுக்கு இது போதாது. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கும். அதில் ஏமாந்துவிடக் கூடாது. விதைக்குள் இருக்கும் உணவு தீர்ந்து, இரண்டு மூன்று இலை விடும் பருவத்தில்தான் அது உப்புக்கு மிகவும் வாடுகிறது. பிறகு பூக்கும் பருவத்தில் மீண்டும். ஆதலால் முளைத்த நெல்லை மண் நிரப்பிய குவளைகளுக்கு மாற்றி, அதே நீரை ஊற்றி மூன்றாம் இலை விரியும் வரை பார்க்க வேண்டும். உப்பைத் தாங்கும் என்று சொல்லப்படும் குழியடிச்சான், கல்லுருண்டை போன்ற பாரம்பரிய நெல் ரகங்களை உங்கள் ரகத்தோடு அருகருகே ஒப்பிட இது நல்ல வாய்ப்பு.

மண்ணுக்கு

வயலில் பத்து இடங்களில் மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அடியில் துளையிட்ட குவளைகளில் நிரப்பவும். பாதிக் குவளைகளில் அப்படியே விதைக்கவும். மீதியில் நல்ல நீரை நாலைந்து முறை ஊற்றி, அடியில் வடியவிட்டுப் பிறகு விதைக்கவும். கழுவிய மண்ணில் முளைப்பு தெளிவாக மேம்பட்டால் உங்களுடையது உவர் நிலம், அதாவது நீரில் கரையும் உப்பு மிகுந்த நிலம். நல்ல நீரைத் தேக்கி வடிப்பது பயன் தரும். நீர் இறங்காமல் மேலே கலங்கலாகவே நின்றால், களர் நிலமாக, அதாவது மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்ட நிலமாக, இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஜிப்சம் தேவைப்படும். ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த மண்ணை மழைநீரோடு குலுக்கி ஒரு நாள் வைத்து, தெளிகிறதா என்றும் பாருங்கள். களர் மண் எளிதில் தெளியாது. ஜிப்சம் வாங்கும் முன் மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலையை (pH) உறுதி செய்துகொள்ளவும்; அது 8.5-ஐத் தாண்டினால்தான் களர் என்று கொள்வது வழக்கம்.

கிணற்று நீரின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சித்திரையில் எடுத்த நீரின் முடிவைக் கொண்டு கார்த்திகைக்குத் தீர்மானிக்காமல், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அதே கிணற்று நீரில் இன்னொரு சுற்று வைத்து, இரண்டு அட்டவணைகளையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதி வைக்கவும்.